காது தெரிய வேண்டும்

என் இந்தி முழுக்க ஏவல் வினைதான்.
திரும்பு. நில். இங்கே பார்.
சிரி. இப்போது சிரிக்காதே.
தாடைக்கு இந்த ஊரில் டோடி என்று பெயர்,
என் காதில் அது ராகமாகவே விழுகிறது.
டோடியை இறக்கு என்கிறேன், இறக்குகிறார்கள்.
மூன்று தில்லிக் குளிர், அறுபத்தொரு கல்யாணம்,
இறந்தகாலம் இன்னும் கைகூடவில்லை.
நேற்று என்ன சாப்பிட்டேன் என்று
ரஞ்சித் மண்டலிடம் சொல்லத் தெரியாது.
விளக்குக் கம்பத்தைப் பிடிப்பவன், மதுபனிக்காரன்,
அவனுக்கும் இந்தி வீட்டுமொழி இல்லை.
கடன் வாங்கிய சொற்களால் நாங்கள் இருவரும்
வெளிச்சத்தை இடமும் வலமும் நகர்த்துகிறோம்.

கிள்ளான் என்றால் யாருக்கும் தெரியாது.
மலேசியா என்றால்
பிறகு ஏன் மதராஸி மாதிரி இருக்கிறாய் என்கிறார்கள்.
ஃபிளாஷை ஒருமுறை அடித்துவிடுவேன்.
கண் தெளிவதற்குள் பேச்சு மாறிவிடும்.

போன வியாழன் சத்தர்பூர் பண்ணைவீடு.
மாப்பிள்ளை குதிரைமேல் வந்தான்,
நெற்றியிலிருந்து மார்புவரை பூத்திரை.
இருநூறு படம். ஒன்றிலும் அவன் இல்லை.
குதிரை நன்றாக வந்திருக்கிறது.

ஷிவாங்கியை ஒப்பனை அறையில்
பதினோரு நிமிடம் எனக்குக் கொடுத்தார்கள்.
லென்ஸைக் கண்ணில் வைப்பதற்கு முன்
கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தாள்,
ஒரு பக்கக் கம்பியில் டேப் சுற்றியிருந்தது.
இதோடு ஒன்று, ஆல்பத்துக்கு வேண்டாம், என்றாள்.
அத்தை கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.
நான் ஒன்றும் ஏவவில்லை.
அவள் எங்கே பார்த்தாளோ அங்கேயே எடுத்தேன்.

விடியல் ஐந்து மணிக்கு வழியனுப்பு.
மூடுபனியில் கார் விளக்கு மட்டும் இரண்டு மஞ்சள் கறை.
திரும்பிப் பாராமல் தலைக்குமேல் அரிசி வீசினாள்.
முந்தானை ஏந்தி நின்ற அம்மாவைத் தாண்டி
பாதி என் பையில் விழுந்தது.
அப்பாவைக் காணவில்லை. பிறகு பார்த்தேன்,
ஜெனரேட்டருக்குப் பின்னால்
சமையல்காரரிடம் பாத்திரக் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்,
கேட்டதையே மறுபடி மறுபடி.
அதை எடுக்கவில்லை. விரல் விறைத்திருந்தது என்று
ரஞ்சித்திடம் சைகையில் சொன்னேன்.

திங்கட்கிழமை ஆர்.கே. புரம்,
அயல்நாட்டார் பதிவு அலுவலகம், டோக்கன் எண்பத்தேழு.
கடப்பிதழை உருவியபோது
அரிசி மணிகள் மேசையில் சிதறின.
குமாஸ்தா அவற்றை அடிக்குச்சியால்
ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளினார்.
பிறகு என் படத்தையும் தள்ளினார்.
காது தெரியவில்லை.

அதை நானே எடுத்தேன், டைமர் வைத்து,
வடக்கு ஜன்னல் ஒளியில், எண்பத்தைந்து எம்.எம். லென்ஸில்.
அழகான படம் என்று சொன்னால்
தற்பெருமை ஆகிவிடும்.
அவருக்குக் காது வேண்டும், இரண்டும்.

முனிர்காவில் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால்
வெள்ளைப் படுக்கைவிரிப்பு, பிளாஸ்டிக் முக்காலி.
மீசை அரும்பாத ஒரு பையன்
கேமராவை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு
ஸரா டோடி நீச்சே, தீதி, என்றான்.

ஸரா.
கொஞ்சம், ஒரு துளி, முடிந்தால்.
இந்தச் சொல்லை மூன்று வருடமாக
எல்லோரும் என்னைச் சுற்றிச் சொல்லியிருப்பார்கள்,
நான் வினையை மட்டும் பொறுக்கியிருக்கிறேன்.
தாடையை இறக்கினேன்.
முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளச் சொல்லி
தன் காதைத் தொட்டுக் காட்டினான்.
தள்ளினேன். சிரிக்க வேண்டாம் என்றான்.
அதுதான் கஷ்டமாக இருந்தது.

எட்டுப் படம் எண்பது ரூபாய்.
குமாஸ்தாவுக்கு இரண்டு போதும்.
மீதி ஆறு பையின் சின்ன அறையில்,
அரிசியோடு.

இரவு ஷிவாங்கி கேட்டிருந்தாள்,
அந்தக் கண்ணாடிப் படம் இருக்கிறதா?
அனுப்பினேன்.
டேப் சுற்றிய கம்பி வெளிச்சத்தில் மின்னுகிறது,
நான் அதைத் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை நொய்டாவில் ஒரு பஞ்சாபிக் கல்யாணம்.
ரஞ்சித், ஸரா இடப்பக்கம், என்றேன்.
கம்பத்தை இறக்கி வைத்துவிட்டு
உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.